கீழ்க் குழாயில் சூடு இல்லை

ஏற்காடு டவுனைத் தாண்டி குப்பனூர் ரோட்டில் இறங்கத் தொடங்கிய பிறகும் மாமா எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரைத் திட்டி முடிக்கவில்லை. நாகலூரில் ஆரம்பித்தது அது. வழி நெடுக அந்த ஆளின் வழுக்கையும் மூக்கும் மோட்டார் பைக்கும் எங்களோடு கூடவே வந்தன. மாமாவின் தோளில் ஸ்பேனர்கள் போட்ட கோணிப்பை. என் தலையில் எங்கள் சோற்றுச் சட்டியும், அதற்குள் சுருட்டித் திணித்த போர்வைகளும்.

எஸ்டேட்டில் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற மிஷின் நின்றுபோய்விட்டதென்று மாமாவைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் அதைக் கழற்றினார், துடைத்தார், திரும்ப மாட்டினார். மாட்டி முடித்தபோது கையில் சில நட்டுகள் மிச்சம் இருந்தன. அவை தேவைக்கு அதிகமாகப் போட்டு வைத்திருந்தவை என்று மாமா விளக்கினார். மிஷின் அப்படி நினைக்கவில்லை. அதைத் தொடர்ந்து ரைட்டரும் அப்படி நினைக்கவில்லை. சட்டியைக் கழுவக்கூட நேரம் கொடுக்காமல் எங்களைக் கேட்டுக்கு வெளியே கொண்டுவந்து விட்டார்கள்.

அம்மா அப்போது திருப்பூர்ப் பக்கம் ஒரு மில் விடுதியில் தங்கி வேலை பார்த்தாள். அங்கே பிள்ளைகளை வைத்துக்கொள்ள விட மாட்டார்கள். ஆறாம் வகுப்புப் பாதியில் என் பள்ளிக்கூடம் நின்றது. அம்மாவின் தம்பியான மாமா போகிற இடமெல்லாம் நானும் போனேன். அதை ஒரு கஷ்டம் என்று அப்போது நினைத்ததாக ஞாபகம் இல்லை. சாப்பாடு கிடைத்த ஊர், கிடைக்காத ஊர் என்று இரண்டாகத்தான் ஊர்களைப் பிரித்து வைத்திருந்தேன். நாகலூர் அன்று காலை வரை முதல் வகையில் இருந்தது.

மதியத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கியது. அந்த மலையில் மூட்டம் வருவது யாரோ கதவைச் சாத்துவது போல இருக்கும். சற்று முன் வரை மிளகுக் கொடி ஏறிய மரங்கள் தெரியும், காப்பிச் செடி தெரியும். திரும்பிப் பார்த்தால் நம் கால் மட்டும்தான் தெரியும். மாமா திட்டுவதை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்தார். எதிரே வளைவில் ஏதோ பெரிதாக, அசையாமல் நின்றது. அதன் மூக்கிலிருந்து புகை வந்தது.

"காட்டெருமை. அசையாத நில்லுடா" என்றார் மெதுவாக.

நின்றோம். பிறகு காட்டெருமை ஹாரன் அடித்தது.

பழைய வெள்ளை டாக்ஸி. முன் மூடி திறந்திருக்க, இஞ்சினிலிருந்து கிளம்பிய ஆவி மூட்டத்தோடு கலந்து எது எதுவென்று பிரிக்க முடியாமல் இருந்தது. டிரைவர் ஒரு கையில் எலுமிச்சம்பழத்தோடு ரோட்டின் மறு ஓரத்தில் நின்றிருந்தார். அந்த வளைவில் மரத்தடியில் குங்குமம் பூசிய கல் ஒன்று உண்டு. மேலே ஏறும் வண்டிக்காரர்கள் எல்லோரும் அங்கே நிறுத்தி முனிக்கு ஒரு பழம் வைத்துவிட்டுத்தான் போவார்கள். டிரைவருக்கும் கல்லுக்கும் நடுவே இரண்டு எட்டுத்தான் இருந்தது. அவர் அந்த இரண்டு எட்டையும் வைக்கவில்லை.

"ஏனுங்க, இந்தப் பழத்தை அந்தக் கல்லுக்கு முன்னால வெச்சிருங்களேன்" என்றார் மாமாவிடம்.

"நீங்களே வெக்கலாமுங்களே. பக்கந்தான்."

"இல்லீங்க. நான் இன்னைக்குக் கிட்டப் போவக் கூடாதுங்க."

"ஏன், காலைலயே கறிச் சோறுங்களா?"

டிரைவர் சிரிக்க முயன்றார். மாமா பழத்தை வாங்கி வைத்துவிட்டு வந்து, வண்டிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். கேட்கும்போதே கோணிப்பையை இறக்கிவிட்டார். திறந்த இஞ்சினைப் பார்த்தால் மாமாவால் சும்மா இருக்க முடியாது.

"வண்டியில ஒண்ணுமில்லீங்க. மேட்டுல ஏற ஏறக் கொதிச்சிருச்சு. அவன் மறிக்கறானுங்க" என்றார் டிரைவர்.

"யாரு, போலீசுங்களா?"

"முனிங்க."

நான் காரின் பின்பக்கம் போனேன். உள்ளே ஒரு அக்கா இருந்தாள். முப்பது வயது இருக்கலாம். அவளுக்கு இடப்புறம், ஜன்னலை ஒட்டி ஒரு பெரியவர், கழுத்து வரை கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். தலையைச் சுற்றி மப்ளர். மலையில் எல்லோரும் குளிருக்கு மப்ளர் கட்டுவார்கள், ஆனால் கழுத்துப் பக்கம் முடிவார்கள். இவருக்கு உச்சந்தலையில் முடிச்சு முயல் காது போல நின்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த அக்காவின் பக்கத்துக் கண்ணாடி மூச்சுக் காற்றுப் பட்டு வெள்ளையாக மங்கியிருந்தது. பெரியவர் முகத்தைச் சாய்த்திருந்த கண்ணாடியோ துடைத்து வைத்தது போலத் தெளிவாக இருந்தது. அந்தப் பக்கத்துக் கண்ணாடி நல்ல கண்ணாடி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெரியவர் அன்று காலையிலேயே சேலத்து ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தார். பிணம் ஏற்றும் வண்டி மலைக்கு வர மறுநாள் ஆகும் என்று சொல்லிவிட்டார்களாம். வாடகைக் காரில் பிணத்தை ஏற்ற மாட்டார்கள். காரின் முதலாளிக்குத் தெரிந்தால் டிரைவருக்கு அன்றோடு வேலை போய்விடும். செம்மநத்தத்தில் தன் காட்டிலேயே, மனைவியின் பக்கத்தில், அன்றைய பொழுது சாய்வதற்குள் தன்னை அடக்கம் செய்துவிட வேண்டும் என்று பெரியவர் மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அவள் அவருக்கு உடுத்தி, போர்த்தி, உடம்பு சரியில்லாதவரைக் கூட்டிப்போவது போலக் காரில் உட்கார வைத்துவிட்டாள். டிரைவருக்குத் தெரிந்தால் அந்த வளைவிலேயே இறக்கி விட்டுவிடுவார். போனில் யாரையும் கூப்பிட அங்கே டவரும் கிடையாது.

இதெல்லாம் எனக்கு வெகுகாலம் கழித்து, தர்மபுரிப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் கூலிக்கு இருந்தபோது, மாமா சொல்லித் தெரிந்தது. அவரே அன்று கொஞ்சம் பிந்தித்தான் புரிந்துகொண்டார். "எனக்கும் அந்தப் பொண்ணுக்கும் தவுத்து ஒருத்தருக்கும் தெரியாதுடா. டிரைவரு பாவம், கடைசி வரைக்கும் ஏமாந்துட்டான்" என்று சொல்லிச் சிரித்தார்.

அன்று மாமா முதலில் ஃபேன் பெல்ட்தான் காரணம் என்றார். அதை இழுத்துப் பார்த்தார், நன்றாகவே இருந்தது. அடுத்தது ரேடியேட்டர் மூடி என்றார். டிரைவர் "பொறுங்க, பொறுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் துணியைச் சுற்றித் திருகிவிட்டார். கொதிக்கும் தண்ணீர் எழும்பி அவருடைய வலது கையில் இறங்கியது. மாமா கத்தியது மூட்டத்துக்குள் போய், எங்கிருந்தோ திரும்பி வந்தது.

அந்த அக்கா கதவைக் கொஞ்சம் திறந்து எட்டிப் பார்த்தாள். பிறகு பெரியவரின் வாயருகே காதைக் கொண்டுபோய், தலையாட்டிவிட்டுச் சொன்னாள்.

"எங்கய்யன் கேக்கறாருங்க, இன்னும் எவ்வளவு நேரமாவும்னு."

பெரியவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை. நான் அவர் ஜன்னலுக்கு வெளியேதான் நின்றிருந்தேன். வயதானவர்கள் மெதுவாகப் பேசுவார்கள்.

"ஆவுமுங்க, செரியா ஆவும்" என்றார் மாமா கையை உதறிக்கொண்டே. "பெரியவரைச் செத்த கீழ எறக்கி உடுங்க. காத்தாட ஒக்காரட்டும்."

"வேண்டாமுங்க" என்றாள் அந்த அக்கா. அதே நேரத்தில் டிரைவரும் "வேண்டாமுங்க" என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

கை வெந்து போனதால் மாமாவால் எதையும் தொட்டுப் பார்க்க முடியவில்லை. என் கை நல்ல கை. என்னைக் கூப்பிட்டு இஞ்சினுக்குள் கையை விடச் சொன்னார். ரேடியேட்டருக்கு இரண்டு ரப்பர் குழாய்கள் போகும், மேலே ஒன்று, கீழே ஒன்று. மேல் குழாயைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டேன். பிறகு இரும்புகளுக்கு இடையே குனிந்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கீழ்க் குழாயைத் தேடிப் பிடித்தேன். அது சில்லென்று இருந்தது. வண்டி முழுக்கக் கொதித்துக்கொண்டிருக்க, அந்த ஒரு குழாய் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து எடுத்துப் போட்டது போலக் கிடந்தது. எனக்குப் பயமாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

"மேல நெருப்பு, கீழ சில்லுனு இருக்குதுங்க மாமா."

மாமா கை எரிச்சலை மறந்தார். "சூடு கீழ எறங்கலீங்க" என்றார் டிரைவரிடம். "இஞ்சின் கழுத்துல தெர்மோஸ்டாட் ஒண்ணு இருக்குது பாருங்க. தண்ணி சூடேறுனா அது வாயத் தொறந்து ரேடியேட்டருக்கு உடோணும். உங்குளுது வாய மூடிக்கிச்சு."

"கீழ நல்லாத்தானுங்களே ஓடிட்டிருந்துது."

"சமதரையில யாருதான் ஓட மாட்டாங்க?"

இஞ்சின் ஆறும் வரை காத்திருந்துவிட்டு, இடது கையால் போல்ட்டுகளைக் கழற்றினார். ஒன்று துருப்பிடித்து வர மறுத்தது; அதற்கும் ரைட்டரின் பெயரைச் சொல்லித் திட்டினார். அந்தக் கழுத்தின் மூடியைத் தூக்கியதும் உள்ளே பித்தளையில் சின்னதாக ஒரு கிண்ணம் போல உட்கார்ந்திருந்தது, நடுவில் வட்டமான தகடு மூடிய ஒரு கண்ணோடு. இவ்வளவு பெரிய வண்டியை இதுவா நிறுத்திவிட்டது என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. டிரைவருக்கும் வரவில்லை. அதனால் மாமா நிரூபிக்கத் தீர்மானித்தார்.

எங்கள் சோற்றுச் சட்டியைக் கற்கள் மேல் வைத்து, பெட்ரோல் நனைத்த துணியில் சுள்ளிகளைப் பற்றவைத்தோம். தண்ணீர் கொதித்ததும் அந்தப் பித்தளையைக் கம்பியில் கட்டி உள்ளே தொங்கவிட்டார். "நல்லதா இருந்தா இப்பத் தொறக்கோணும்" என்றார். மூவரும் குனிந்து பார்த்தோம். தண்ணீர் அதைச் சுற்றிக் குதித்தது. மூட்டம் எங்கள் முதுகில் நின்றது. கண் திறக்கவில்லை.

"செத்துப்போச்சுங்களா?" என்றார் டிரைவர், அடங்கிய குரலில்.

"எப்பவோ செத்துப்போச்சுங்க. நீங்கதான் உசுரோட இருக்குதுன்னு நெனச்சு மேல கொண்டாந்திட்டிருக்கீங்க."

காருக்குள் அந்த அக்காவின் தலை சட்டென்று நிமிர்ந்தது. டிரைவர் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதுசு கிடைக்கும் வரை அது இல்லாமலேயே ஓட்டலாம், வண்டி சூடேறாது என்றார் மாமா. ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து, மூடிக்கு அடியில் வைக்க வட்டமாக வெட்டி, கிரீஸ் தடவி மாட்டினார். நான் ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து ஊற்றினேன். இந்த முறை நட்டு எதுவும் மிச்சமாகவில்லை. என்னிடம் கையை விரித்துக் காட்டினார். வண்டி கிளம்பியது. மீட்டர் முள் பாதிக்குக் கீழேயே நின்றது.

"பழம் வெச்சதும் உட்டுட்டான் பாருங்க" என்றார் டிரைவர்.

"அப்ப நான் எதுக்குங்க கைய வேக வெச்சுக்கிட்டேன்?"

முள்ளைக் கவனிப்பதற்காக மாமா முன்னால் ஏறிக்கொண்டார். செம்மநத்தம் பிரிவு வரை எங்களையும் ஏற்றிப்போய், திரும்பும்போது குப்பனூரில் விடுவதாக ஏற்பாடு. நானும் முன்னால் ஏறப் போனபோது அந்த அக்கா கூப்பிட்டாள்.

"சாமி, நீ இங்க நடுவுல ஒக்காந்து எங்கய்யனைப் புடிச்சுக்கிறயா? சாஞ்சுக்கிறாரு. எனக்குக் கை மரத்துப்போச்சு."

உட்கார்ந்தேன். பெரியவர் கனமாக இருந்தார். வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் அவருடைய தலை மெல்ல வந்து என் தோளில் தங்கும். அடுத்த வளைவில் மெல்லத் திரும்பிப் போகும். ஒரு கண் சரியாக மூடியிருக்கவில்லை. இமைக்குக் கீழே வெள்ளையாக ஒரு கோடு. என்னைப் பார்க்கிறாரா, ரோட்டைப் பார்க்கிறாரா என்று சொல்ல முடியவில்லை. மரியாதைக்காக நான் ஒருமுறை சிரித்தேன். பிறகு அவர் விழாமல் இருக்கக் கம்பளிக்குள் கையை விட்டு அவருடைய கையைப் பிடித்தேன்.

எனக்கு அந்தக் குளிர் தெரிந்திருந்தது. அன்று மதியம்தான் ஒருமுறை தொட்டிருந்தேன்.

"மாமா" என்றேன். "தாத்தா கை அந்தக் கீழ்க் குழாயாட்டவே சில்லுனு இருக்குது. இவருக்கும் சூடு கீழ எறங்கலீங்களா?"

அந்த அக்காவின் விரல்கள் என் முழங்காலை இறுக்கிப் பிடித்தன. அவை சூடாக இருந்தன. மாமா திரும்பவில்லை. அவருடைய பின்கழுத்தை மட்டும் பார்த்தேன். ஏதோ சொல்லப் போகிறவர் போல அது நிமிர்ந்தது, பிறகு தணிந்தது.

"மலையில வயசானவங்களுக்கு அப்புடித்தாங் கண்ணு" என்றார். "நல்லாப் போத்தி உடு."

உடனே டிரைவரிடம் திரும்பி, தெர்மோஸ்டாட்டைப் பற்றி ரொம்பச் சத்தமாகப் பேச ஆரம்பித்தார். எத்தனை விதம் உண்டு, எந்த வண்டிக்கு எது, எந்த ஊர்க் கடையில் ஏமாற்றுவார்கள். பாதிக்கு மேல் பொய்யாக இருக்க வேண்டும். டிரைவரும் அதே சத்தத்தில் "ஆமாங்களா, ஆமாங்களா" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நடுவில் ஒருமுறை கையை நீட்டி, தலைக்கு மேலே இருந்த கண்ணாடியைக் கூரையைப் பார்க்கும்படி திருப்பிவிட்டார். பின்சீட்டு இனி அவருக்குத் தெரியாது.

செம்மநத்தம் பிரிவில் வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. மேலே ரோடு குறுகல். அந்த அக்கா வண்டியை நிறுத்தச் சொல்லி, "கொழந்தை இங்கயே எறங்கிக்கட்டுங்க" என்றாள். தானும் இறங்கி மாமாவைத் தள்ளிக் கூட்டிப்போய் ஏதோ சொன்னாள். மாமா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். வெந்த கையையும் நல்ல கையையும் சேர்த்துக் கும்பிட்டார். யாரைக் கும்பிடுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. பார்த்தது காரின் பின்சீட்டை. நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது பெரியவருக்கு "வர்றேனுங்க" என்று சொன்னேன்.

பஸ் நிறுத்தத்துக் கூரையடியில் காத்திருந்தோம். மாமா ரைட்டரைத் திட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் மேலே எங்கிருந்தோ, மூட்டத்துக்குள்ளிருந்து, ஒரு சத்தம் கிளம்பியது. பல தொண்டைகளிலிருந்து ஒன்றாகச் சேர்ந்து ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது.

"அது என்னங்க மாமா?"

"நரி" என்றார்.

நரி இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. ஆனால் மாமா சொன்னால் நரிதான்.

கார் திரும்பி வந்தபோது அந்தக் குளிரிலும் நான்கு கண்ணாடிகளும் இறங்கியிருந்தன. நான் பின்கதவைத் திறக்கப் போனேன். "முன்னாலயே ரெண்டு பேரும் நெருக்கி ஒக்காந்துக்குங்க" என்றார் டிரைவர். முனி வளைவில் வண்டியை நிறுத்தாமல், வேகத்தை மட்டும் குறைத்து, கல்லைப் பார்க்காமல் "நாளைக்கு வர்றேன்" என்றார். மாமா தூங்கிக்கொண்டிருந்தார், அல்லது கண்ணை மூடியிருந்தார். குப்பனூரில் கார் நிறுத்தும் கொட்டகையில் படுத்துக்கொள்ள இடம் கொடுத்தார்கள்.

காலையில் முதல் பஸ்ஸின் கண்டக்டர், டிரைவர் இரவே சேலத்துக்குச் சொல்லி வைத்திருந்த புது தெர்மோஸ்டாட்டை ஒரு சின்னப் பொட்டலமாகக் கொண்டுவந்து கொடுத்தார். முன் மூடியைத் தூக்கி நிறுத்தி, மாமா அதற்கு அந்தப் பக்கம் அடுப்பும் சட்டியுமாக உட்கார்ந்துவிட்டார். டிரைவர் என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார். விடிவதற்கு முன்பே தலைக்குக் குளித்திருந்தார் போல. முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, உதடு நடுங்கியது.

"கண்ணு, தெனமும் வண்டி கழுவற வேலை இருக்குது. செய்யறயா?"

செய்கிறேன் என்றேன். இந்த ஊர் முதல் வகையில் சேரும் போலிருந்தது. அவர் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்து, மடியிலிருந்து மஞ்சள் பொடியை எடுத்து அதில் கொட்டிக் கலக்கினார்.

"மொதல்ல பின்சீட்டைத் தொடச்சிரு."

சோப்பு இல்லையா என்று கேட்க நினைத்தேன். புது வேலையில் முதல் நாளே கேள்வி கேட்கக் கூடாது என்று விட்டுவிட்டேன். பாதம் வைக்கும் இடத்தில் வெள்ளைத் துணிக் கிழிசல் ஒன்று கிடந்தது. இரண்டு விரல்களைச் சேர்த்துக் கட்டியது போல, முடிச்சுக்குப் பக்கத்தில் சின்னதாக இரண்டு வளையம். எடுத்து நீட்டினேன். அது என்ன என்று டிரைவர் என்னைக் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு ரோட்டோரப் பள்ளத்துக்குப் போய், குனிந்து தீக்குச்சியைக் கிழித்தார். அது சாம்பலாகும் வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

மூடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமாவின் குரல் கேட்டது. "தொறந்துக்கிச்சு! ஓடியாந்து பாருடா, கண்ணு முழிக்கிறாப்பல தொறக்குது!"

நான் போகவில்லை. கையில் வேலை இருந்தது. ஆனால் ஒன்று மட்டும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அண்ணா, அந்தத் தாத்தாவுக்கு இப்பச் சூடு எறங்கிருச்சுங்களா?"

டிரைவர் முன் மூடி இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். மாமா அங்கிருந்து வரவில்லை.

"எறங்கிருச்சு சாமி" என்றார். "மூலையெல்லாம் நல்லாத் தொடச்சிரு. நாளைக்குக் கல்யாணச் சவாரி."

பெரியவர் தேறிவிட்டார், நாளைக்கே கல்யாணத்துக்குப் புறப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் உட்கார்ந்திருந்த இடத்தை இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைத்தேன்.